கழற்றுங்கள், உடைக்காதீர்கள்

பாண்டி ஆட்டத்துக்குச் சில்லு தேடும் பிள்ளைகளுக்கு ஓட்டாஞ்சில்லைவிடப் பிடித்தமானது ஒன்று உண்டு: உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் ஓரத் துண்டு. கையில் கனமாக நிற்கும். எறிந்தால் துள்ளாமல் கட்டத்துக்குள் போய் உட்காரும். மன்னார்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திண்ணையின் சிமெண்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்குவோம். விரலெல்லாம் சாம்பல் நிறத்தில் தூள் படியும். வாயால் ஊதிவிட்டு மறுபடி தேய்ப்போம். போகியன்று விடியற்காலையில் அதே ஷீட்டின் துண்டைத் தீயில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்போம். சற்று நேரத்தில் பட்டாசு போல வெடித்துச் சிதறும். ஒரு பெரியவர்கூட எங்களைத் தடுத்ததில்லை. தடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறியபோது, எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையின் ஷீட்டுகளில் நான்கு விரிசல் விட்டன. தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் விரிசலை யார் பார்ப்பார்? தார்ப்பாய் போட்டு மூடினோம். அடுத்த தெருவில் ஷீட்டுகள் நொறுங்கிக் கிடந்தன. சனங்கள் துடைப்பத்தால் கூட்டி, வெறுங்கையால் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டு கழித்துக் கொட்டகையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை பார்க்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஏறிப் பார்த்தவர், “அரை நாள் வேலை தம்பி. ரெண்டு பேரு சுத்தியலோட ஏறினா மத்தியானத்துக்குள்ள எல்லாம் கீழே” என்றார்.

“உடைக்க வேண்டாம் அண்ணே. போல்ட்டைக் கழற்றி முழுசா இறக்கணும். தண்ணி தெளிச்சுக்கிட்டே.”

“எதுக்கு?”

தூசியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “முப்பது வருஷமா இதைத்தான் உடைச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைக்குள்தான் இந்தத் தூசி தரும் நோயின் தந்திரம் இருக்கிறது.

தீயில் வேகாத நார்

ஆஸ்பெஸ்டாஸைக் கல்நார் என்று தமிழில் சொல்வது மிகப் பொருத்தமான பெயர். கல்லாகப் பிறந்து நாராகப் பிரிகிற கனிமம் அது. பாறையை உடைத்தால் பஞ்சு போலப் பிரியும், நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம். நெருப்பு அதைத் தின்னாது, பூச்சி அரிக்காது. 1901-ல் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் அதைச் சிமெண்டோடு கலந்து, காகிதம் செய்கிற முறையில் படலம் படலமாகச் சேர்த்துப் பலகையாக்குவதற்குக் காப்புரிமை பெற்றார். நம் கூரைகளில் இருக்கும் அலை அலையான ஷீட்டின் பிறப்பு அங்கேதான். அதில் பெரும்பகுதி சிமெண்ட். நூற்றில் எட்டிலிருந்து பத்துப் பங்கு அளவுக்கு வெள்ளைக் கல்நார்.

சிமெண்ட் இறுகப் பிடித்திருக்கும்வரை அந்த நார் எங்கும் போவதில்லை. உடைத்தால், அறுத்தால், துளைத்தால், தேய்த்தால் வெளியே வரும். ஒரு நார் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். கடைசி இழையை மின்னணு நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். கண்ணுக்குத் தெரிகிற தூசி தரையில் படிந்த பிறகும் தெரியாத இழைகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடியாழத்துக்குப் போனவற்றை விழுங்க உடலின் காவல் செல்கள் வருகின்றன. நீளமான இழையை முழுதாக விழுங்க முடியாமல் அந்தச் செல்லே செத்துப்போகிறது. அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பாகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் நுரையீரல் விரியாத தோல் போல இறுகிவிடும். அதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இதனால் வருபவைதான். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. வெள்ளைக்கும் விலக்கு இல்லை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-ல் இறந்தபோது அவருக்கு 33 வயது. சிறு பெண்ணாக அந்தத் தூசிக்குள் போனவர். அவருடைய நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர் வில்லியம் குக் அங்கே கனிமத் துகள்களைக் கண்டார். அவர் எழுதியதிலிருந்துதான் அந்த நோய்க்குப் பெயரே வந்தது. நெல்லிக்கு ஆலை இழப்பீடு தரவில்லை. அடையாளம் இல்லாத கல்லறையில் புதைக்கப்பட்டார். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் ஜே.சி. வாக்னரும் உடன் பணியாற்றியவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. நீலக் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் வசித்தவர்கள். அந்தச் சுரங்கங்களின் மண்மேட்டில் விளையாடி வளர்ந்தவர்கள். அதைப் படித்தபோது எனக்குத் திண்ணையும் சில்லும்தான் ஞாபகம் வந்தன.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உடைந்த ஷீட்டை ஒருமுறை தொட்டவர்கள் எல்லாம் நோயாளி ஆவதில்லை. எவ்வளவு தூசி, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது. ஆனால் இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை. மூச்சில் போனதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் நடுவே இருபது முதல் நாற்பது ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். மேஸ்திரியின் முப்பது வருடக் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சொன்னேன். வேறு வழி இல்லை.

தோண்ட மாட்டோம், வாங்குவோம்

ஐரோப்பிய ஒன்றியம் 2005-க்குள் கல்நாரை முழுதாக விலக்கியது. ஆஸ்திரேலியா 2003 கடைசி நாளோடு நிறுத்தியது. ஒரு காலத்தில் உலகுக்கே ஏற்றுமதி செய்த கனடா 2018-ல் தடை செய்தது. அங்கே ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றே பெயர் கொண்டிருந்த கியூபெக் மாநிலச் சுரங்க நகரம் 2020-ல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இந்தியாவில் நாம் கல்நார் தோண்டுவதை ஏறக்குறைய விட்டுவிட்டோம். ஆனால் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கப்பல் கப்பலாக வாங்குகிறோம். உலகில் அதிகமாக வாங்குகிற நாடு நாம்தான். நம் மண்ணில் தோண்டுவதற்கு ஆபத்தானது, நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் கூரையாக மட்டும் எப்படிச் சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை.

ஏழை வீட்டுக்கு இந்த ஷீட் ஏன் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கீற்றுக் கூரை தீப்பிடிக்கும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்ட பிறகு கீற்றுக் கொட்டகை என்றாலே ஊர் நடுங்கியது. தீப்பிடிக்காத, மலிவான, ஒரே நாளில் போட்டுவிடக்கூடிய கூரை வேண்டும் என்றபோது கடையில் கிடைத்தது இதுதான். வாங்கியவர்கள் மேல் குற்றம் இல்லை.

விட நினைத்தாலும் விடுவது எளிதல்ல என்பதற்கு இலங்கையே சாட்சி. 2018 ஜனவரியிலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக நிறுத்திவிட இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது. தேயிலையைப் பெருமளவில் வாங்குகிற நாடும், கல்நாரை விற்கிற நாடும் ஒன்றே. சில நாட்களில் கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. மலையகத் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்துதான் அந்தப் பேரத்தில் தராசுத் தட்டில் வைக்கப்பட்டது.

எப்படித் தெரிந்துகொள்வது?

வெளிநாடுகளில் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் 2000-க்கு முன் கட்டிய கட்டிடம் என்றால் கல்நார் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாக இருப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே இன்றும் சட்டப்படி விற்பனையாகிறது என்பதால், போன மாதம் போட்ட கூரையிலும் அது இருக்கலாம். கல்நார் இல்லாத நார்ச் சிமெண்ட் ஷீட்டும் பார்ப்பதற்கு அதே போலத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் அச்சைத் தேடுங்கள். ஷீட்டின் அடிப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயரோடு இந்தியத் தர நிர்ணய எண் பதிந்திருக்கும். ஐ.எஸ். 459 என்றால் கல்நார் சிமெண்ட். ஐ.எஸ். 14871 என்பது வேறு நார் சேர்த்த சிமெண்ட் ஷீட்டுக்கான தரம். புது ஷீட் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான். எண் அழிந்துபோன பழைய ஷீட் என்றால், அது கல்நார்தான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த விளிம்பில் மெல்லிய நார் முடி போல நீட்டிக்கொண்டிருப்பது ஒரு அடையாளம். ஆனால் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது; முனைவாக்க ஒளி நுண்ணோக்கி உள்ள ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

கூரையோடு நின்றுவிடாதீர்கள். பழைய கட்டிடத்தில் மழைநீர் இறங்கும் சாம்பல் நிறக் குழாய், கழிவறையின் காற்றுக் குழாய், குடிநீர் வாரியக்காரர்கள் ‘ஏ.சி. பைப்’ என்று சொல்கிற நிலத்தடிக் குழாய் எல்லாம் கல்நார் சிமெண்ட்தான். அந்த ஏ.சி. என்பது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்டின் சுருக்கம். பழைய மெயின் போர்டுக்குப் பின்னால் உள்ள பலகை, சினிமாக் கொட்டகையின் உள்கூரை அட்டை, பள்ளி வேதியியல் கூடத்தில் முக்காலி மேல் வைக்கும் கம்பி வலையின் நடுவே இருந்த வெள்ளை வட்டம், இவையும் சந்தேகப்பட வேண்டியவை.

எல்லாவற்றிலும் கொடியது அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, பஞ்சாலை ஆகியவற்றின் பழைய பாய்லரிலும் நீராவிக் குழாயிலும் சுற்றியிருக்கும் காப்பு. சிமெண்ட் இறுக்கிப் பிடிக்காத கல்நார் அது; கயிறாகவும் பஞ்சாகவும் களிம்பாகவும் இருக்கும். கையால் கசக்கினால் உதிர்ந்துவிடும். ஷீட்டை எச்சரிக்கையாகக் கழற்றலாம். இதை நீங்களோ நானோ மேஸ்திரியோ தொடவே கூடாது. அந்த இடத்தையே கூடாரம் போல மூடி, உள்காற்று வெளியே கசியாதபடி வடிகட்டியோடு உறிஞ்சிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. பழைய ஆலையை விலைக்கு வாங்கி இரும்புக்காகப் பிரிப்பவர்கள் கடப்பாரையால் அந்தக் காப்பைத் தட்டி உதிர்ப்பது, தெரிந்து செய்தால் கொலைக்கு ஒப்பானது என்றே சொல்வேன்.

சரியாக அகற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் பார்க்கலாம். 1968 முதல் 1979 வரை அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரை இடுக்கில், வெப்பம் தடுப்பதற்காக உதிரிக் கல்நாரை ஊதி நிரப்பினார்கள். பின்னர் அரசே பணம் செலவழித்து உறிஞ்சி எடுத்தது. ஆனால் சுவர் இடுக்குகளில் மிச்சம் தங்கிவிட்டது. கடைசியில் 2014-ல் அந்த வீடுகளையே விலை கொடுத்து வாங்கி இடிப்பதற்கு அரசு இறங்க வேண்டியதாயிற்று.

அவசரம் வேண்டாம்

விரிசல் இல்லாத, உறுதியான ஷீட் கூரை இருந்தால், நாளைக்கே பிடுங்க வேண்டியதில்லை. அதில் புதிதாகத் துளை போடாதீர்கள். பாசி பிடித்ததென்று கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரால் கழுவுவதும் கூடாது. மேல் சிமெண்ட் அரிபட்டு நார் வெளியே வந்துவிடும். ஈரம் காட்டி மெல்லத் துடைத்துவிட்டு, மேலும் கீழும் பெயிண்ட் அடித்தால் மேற்பரப்பு மூடிக்கொள்ளும். மேற்பரப்பு பொரிந்து உதிரத் தொடங்கினால், விரிசல் கூடினால், வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போது எடுங்கள்.

எடுக்கும்போது முதல் ஆபத்து நார் அல்ல. விழுவது. பழைய ஷீட் ஆள் கனம் தாங்காது. ஷீட் உடைந்து கீழே விழுந்து தொழிலாளி இறந்தார் என்ற செய்தி நம் நாளிதழ்களில் புதிதல்ல. ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கவே கூடாது. கீழிருந்து சாரம் கட்டி வேலை செய்வது நல்லது. மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏற வேண்டும்.

எங்கள் மாடியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காற்று இல்லாத காலை நேரம் பார்த்தோம். வீட்டில் இருந்தவர்களைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். பக்கத்து வீட்டில் சொல்லி ஜன்னலைச் சாத்தச் செய்தோம். தண்ணீர்த் தொட்டியை மூடி, தரை முழுக்கக் கனமான பாலித்தீன் விரித்தோம். வயலுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவி, தண்ணீரில் பாத்திரம் விளக்கும் சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்து ஷீட்டின் இரு பக்கமும் நனைத்தோம். சோப்பு கலந்தால் தண்ணீர் வழிந்து ஓடாமல் ஊறும். ஜே-போல்ட்டின் துரு ஏறிய நட்டைச் சுற்ற முடியாதபோது, போல்ட்டையே கட்டரால் வெட்டினோம், ஷீட்டை நெம்பவில்லை. கிரைண்டர், கட்டிங் மெஷின் எதையும் மேலே ஏற்றவில்லை. முதலில் முகட்டு மூடி, பிறகு மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை. பத்தடி ஷீட் ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்கிப் போடாமல் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம்.

முகத்தில் துண்டு கட்டுவதும் துணி முகக்கவசமும் இந்த நாருக்குத் தடையே அல்ல. பி-100 வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். அதை அணிந்தாலும் தாடி இருந்தால் இடுக்கு வழியே காற்று புகும். மேஸ்திரி இருபது வருடத் தாடியை அன்று காலை மழித்துக்கொண்டு வந்து நின்றார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வேலை முடிந்த பிறகு துடைப்பத்தைத் தொடக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரும் ஆகாது. அது நாரைப் பின்பக்கமாக ஊதிப் பரப்பும். உடுத்தியிருந்த உடுப்பை நனைத்துக் கழற்றி அங்கேயே விட்டுவிட வேண்டும். வேலைக்கே போகாமல், கணவனின் உடுப்பைத் துவைத்ததால் மட்டும் மீசோதீலியோமா வந்து இறந்த பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் ஊரில் இடிபாட்டை அள்ளிக் கூட்டுவது பெரும்பாலும் சித்தாள் பெண்கள். தூசி மிச்சமிருக்கிற நேரத்தில் துடைப்பத்தோடு உள்ளே போகிறவர்கள் அவர்கள்.

அரை நாள் வேலை இரண்டு நாள் ஆனது. கூலி நான்கு மடங்கு ஆனது. இந்தச் செலவை வீட்டுக்காரர்தான் ஏற்க வேண்டும். கொத்தனார் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால் அவர் சுத்தியலைத்தான் எடுப்பார். அதில் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பின்னதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. நோய் தாமதித்து வருவதை அறிந்து எழுதிய தீர்ப்பு. ஆனால் அது ஆலைக்குள் இருப்பவருக்கு. இன்று இந்த வீடு, நாளை அந்த மில் என்று ஷீட் உடைக்கிறவருக்குப் பதிவேடு ஏது? மூச்சிரைப்போடு மருத்துவமனைக்குப் போனால் காசநோய் மாத்திரையோடு திரும்பிவரும் வாய்ப்பே அதிகம். முப்பது வருடத்துக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கும் மருத்துவர் அரிது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. உறுப்பினர் பதிவில் ‘ஷீட் கழற்றும் வேலை செய்தவர்’ என்று ஒரு வரி சேர்க்கவும், அவர்களுக்கு அவ்வப்போது மார்பு எக்ஸ்ரே எடுக்கவும் அந்த வாரியத்தால் முடியும்.

கழற்றிய ஷீட் எங்கே போகிறது? மாடியிலிருந்து இறங்கிய நல்ல ஷீட்டைப் பழைய சாமான் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். அது ஓர் ஏழை வீட்டின் சமையல்கட்டுக் கூரையாகிறது. அங்கே உடைந்தால் ஆட்டுக் கொட்டகைக்குத் தடுப்பு. அங்கும் நொறுங்கினால் சேற்றுப் பாதையில் கொட்டி மேடாக்குகிறார்கள். பிறகு மாட்டு வண்டியும் டிராக்டரும் அதன் மேல் ஏறி அரைக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைப் புதைப்பதற்கான நிலையம் இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலைகளுக்கானது. ஒரு குடும்பம் பத்து ஷீட்டை ஒப்படைப்பதற்கு ஒவ்வொரு நகராட்சியிலும் மாதம் ஒரு நாள், ஒரு வண்டி, ஒரு பூட்டிய கொட்டகை இருந்தால் போதும். கட்டிட இடிபாட்டுக் கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதிகள் வந்துவிட்டன. அதற்குள் இதற்கும் ஓர் ஏற்பாடு செய்வது பெரிய காரியமல்ல.

எங்கள் 14 ஷீட்டுகளையும், உடைந்த துண்டுகளையும், துடைத்த துணியையும் இரண்டு சுற்று பாலித்தீனில் கட்டி, டேப் ஒட்டி, ‘கல்நார் – பிரிக்காதீர்’ என்று கறுப்பு மையில் பெரிதாக எழுதினோம். எழுத்து மேஸ்திரியுடையது. எடுத்துக்கொள்ளும்படி ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன்; அது தங்கள் வேலை அல்ல என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்திருக்கிறேன். மூட்டை கொல்லையில் கிணற்றடிக்கு எதிர்ப்பக்கம், செங்கல் அடுக்கி அதன் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய சாமான் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டார். கொடுக்கவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய் டேப் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.